கடிகாரம் யார் கையில்? மறதிநோய் இல்லங்களும் ஆளறிந்த பராமரிப்பும்

முதியோர் பராமரிப்பு இல்லங்களில் கூச்சலும் கைகலப்பும் மற்ற இடங்களைவிடக் குளியலறையில் அதிகம் நடக்கும். டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் முற்றிய ஒரு மூதாட்டியின் பக்கம் நின்று பார்த்தால் இதில் வியக்க ஒன்றுமில்லை. யாரென்றே தெரியாத ஒருவர் விடிந்ததும் விடியாததுமாக வந்து உடையைக் களைகிறார். சக்கர நாற்காலியில் உட்காரவைத்துக் குளிரேறிய அறைக்குத் தள்ளிக்கொண்டு போகிறார். ஒரு வார்த்தை சொல்லாமல் தலைமேல் தண்ணீரைத் திறந்துவிடுகிறார். மூதாட்டி தன்னைக் காத்துக்கொள்ளக் கையை ஓங்குகிறார், நகத்தால் கீறுகிறார். அவருடைய கோப்பில் ‘முரட்டுத்தனம்’ என்று எழுதப்படுகிறது. கொஞ்ச நாளில் மருந்துப் பட்டியலில் ஒரு மாத்திரை கூடுகிறது.

அமெரிக்காவின் ஓரிகான், வட கரோலைனா மாநிலங்களில் 15 இல்லங்களில் ஃபிலிப் ஸ்லோன் என்ற மருத்துவரும் ஜோன் ரேடர் உள்ளிட்ட செவிலியர்களும் இதை ஆராய்ந்து 2004இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இரண்டு வழிகளைச் சோதித்தார்கள். ஒன்று, ஷவர் குளியலையே ஆளுக்கேற்ப மாற்றுவது: உடம்பைத் துண்டால் போர்த்தியபடியே பகுதி பகுதியாகக் கழுவுவது, அவருக்குப் பிடித்த பேச்சைப் பேசிக்கொண்டே செய்வது, தண்ணீரின் சூட்டை அவர் விருப்பத்துக்கு விடுவது. மற்றொன்று, படுக்கையிலிருந்து எழுப்பாமலே, அலசத் தேவையில்லாத சோப்புக் கரைசலில் நனைத்த வெதுவெதுப்பான பெரிய துண்டால் போர்த்தி, அதன் மேலேயே மெல்லத் தேய்த்துவிடுவது. முதல் வழியில் தாக்க வரும் சம்பவங்கள் 53 விழுக்காடு குறைந்தன, இரண்டாவதில் 60 விழுக்காடு. உடம்பில் கிருமி பெருகவில்லை. ஷவர் குளியலுக்குச் சராசரியாக மூன்று நிமிடம் சொச்சம் கூடுதலாகப் பிடித்தது. துண்டுக் குளியலுக்கு அதுவும் இல்லை.

மூன்று நிமிடத்தில் தீரும் ஒரு துன்பம், இருபது ஆண்டுகள் கழிந்தும் ஏன் இத்தனை இல்லங்களில் தொடர்கிறது? நல்ல பராமரிப்பு எது என்பது தெரியாமல் இல்லை. அதை ஒரு சாதாரண இல்லம், சொற்பச் சம்பளம் வாங்கும் ஊழியர்களைக் கொண்டு, பார்வையாளர் யாரும் வராத நாளிலும் செய்யும்படி எப்படிக் கைகொடுப்பது என்பதில்தான் உலகம் தடுமாறிக்கொண்டிருக்கிறது.

ஆளை முன்வைத்து நோயைப் பின்வைக்கும் இந்த ஆளறிந்த பராமரிப்பை மறதிநோய்க்குள் கொண்டுவந்தவர் பிரிட்டனின் டாம் கிட்வுட். பாதிரியாராக இருந்தவர், உகாண்டாவில் ஆசிரியராக வேலை பார்த்தவர், பிறகு பிராட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உளவியல் பக்கம் வந்தவர். மூளை அழிந்துகொண்டே போகிறது, செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதே அன்றைய மருத்துவ உலகின் பொதுவான முடிவாக இருந்தது. கிட்வுட் அதை ஏற்கவில்லை. மூளையின் சேதம் உண்மைதான். ஆனால் ஒருவர் எவ்வளவு சீக்கிரம் ஒடுங்கிப்போகிறார் என்பதில் அவர் வாழ்ந்த வாழ்க்கை, குணம், உடம்பின் மற்ற உபாதைகள், சுற்றியிருப்பவர்கள் நடத்தும் விதம் எல்லாவற்றுக்கும் பங்குண்டு என்றார். 1997இல் வந்த அவருடைய புத்தகம் இத்துறையின் அடிப்படை நூலாக இன்றும் வாசிக்கப்படுகிறது. மறு ஆண்டே அவர் இறந்துவிட்டார்.

கெட்ட எண்ணம் துளியும் இல்லாமல் ஊழியர்கள் செய்யும் 17 தவறுகளை அந்தப் புத்தகத்தில் அவர் வரிசைப்படுத்தினார். பெரியவரைக் குழந்தைபோல நடத்துவது, அவர் முன்னாலேயே அவரைப் பற்றி இன்னொருவரிடம் பேசுவது, அவர் ஈடுகொடுக்க முடியாத வேகத்தில் வேலையை முடிப்பது, ஏமாற்றி நகர்த்துவது, கூப்பிட்டால் காதில் வாங்காமல் கடந்துபோவது... வாசிப்பவர் யாராக இருந்தாலும் தன் வீட்டில் நடந்த ஒன்றிரண்டாவது நினைவுக்கு வரும். கிட்வுட் ஊழியர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. இடத்தின் வழக்கமே அவர்களை அப்படிப் பழக்கிவிடுகிறது என்றார். பின்னால் வந்த பலர் இதைத்தான் கோட்டைவிட்டார்கள். ஊழியருக்கு அன்பைப் பற்றி ஒரு நாள் வகுப்பு எடுத்தால் இல்லம் மாறிவிடும் என்று நம்பினார்கள்.

கிட்வுட் தன் சகா கேத்லீன் பிரெடினோடு சேர்ந்து ஒரு கண்காணிப்பு முறையையும் உருவாக்கினார். பயிற்சி பெற்ற ஒருவர் கூடத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு முதியவரும் என்ன செய்கிறார், எந்த மனநிலையில் இருக்கிறார் என்று மணிக்கணக்கில் குறித்துவைப்பார். இந்த முறையைக் கையாண்டு கிளைவ் பாலார்ட் குழுவினர் 2001இல் வெளியிட்ட கணக்கைப் படித்தால் மனசு கனத்துப்போகும். பகலில் ஆறு மணி நேரக் கண்காணிப்பு. அதில் 61 நிமிடம் தூக்கம். 108 நிமிடம் யாரோடும் ஒட்டாமல் ஒடுங்கிக் கிடப்பது. ஊழியரோடும் சக முதியவர்களோடும் பேச்சு, சைகை என்று கழிந்தது 50 நிமிடம். தொலைக்காட்சியை விட்டுவிட்டால், உருப்படியான ஏதாவது ஒரு வேலையில் கைவைத்தது 12 நிமிடத்துக்கும் குறைவு. இவை செய்தித்தாளில் அடிபட்ட மோசமான இடங்கள் அல்ல; பிரிட்டனின் தனியார், அரசு இல்லங்கள்.

வெறுமையான பகல் யாரையும் பதறவைக்கும். முதியவர் எழுந்து அலைவார், கதவைத் தட்டுவார், வீட்டுக்குப் போகணும் என்று அழுவார். இதை அடக்குவதற்கு மனச்சிதைவு நோய்க்கான மருந்துகளைக் கொடுப்பது நெடுங்காலப் பழக்கம். மறதிநோயாளர்களிடம் இவை மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2005இல் கடும் எச்சரிக்கை விடுத்தது; 2008இல் பழைய தலைமுறை மருந்துகளையும் அதில் சேர்த்தது. பிரிட்டன் அரசுக்காக மனநல மருத்துவர் சுபே பானர்ஜி 2009இல் தந்த அறிக்கை கணக்கை இப்படிப் போட்டது: ஆண்டுக்குச் சுமார் 1,80,000 மறதிநோயாளர்களுக்கு இம்மருந்து தரப்படுகிறது, ஓரளவு பலன் பெறுவோர் அதிகபட்சம் 36,000 பேர், அதற்கு விலை 1,800 கூடுதல் மரணங்களும் பக்கவாதம் போன்ற 1,620 பாதிப்புகளும். அறிக்கை வந்தபின் இங்கிலாந்து சும்மா இருக்கவில்லை. அங்கே எடுத்த தேசியத் தணிக்கையின்படி 2006இல் மறதிநோயாளரில் 17 விழுக்காட்டினர் உட்கொண்ட இந்த மருந்தை 2011இல் உட்கொண்டவர்கள் 7 விழுக்காட்டுக்கும் குறைவு.

அமெரிக்காவின் அனுபவம் இதைவிடச் சிக்கலானது, அதனால் கற்க வேண்டியதும் அதில் அதிகம். 2011 கடைசியில் அங்கே இல்லங்களில் நீண்டகாலமாக இருப்போரில் 23.9 விழுக்காட்டினருக்கு இம்மருந்து தரப்பட்டுவந்தது. 2012இல் மத்திய அரசு இதைக் குறைக்க ஒரு தேசிய முயற்சியைத் தொடங்கி, ஒவ்வொரு இல்லத்தின் கணக்கையும் மக்கள் பார்க்கும்படி வெளியிட்டது. சில ஆண்டுகளில் அளவு 15 விழுக்காட்டை ஒட்டி இறங்கியது. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு விதிவிலக்கு இருந்தது. மனச்சிதைவு நோய் உள்ளவர்களை அதில் சேர்க்க வேண்டியதில்லை. பொதுவாக இளமையிலேயே தலைகாட்டிவிடும் அந்த நோய், எண்பது வயதுக்காரர்களின் கோப்புகளில் புதிதாக முளைக்கத் தொடங்கியது. 2021இல் நியூயார்க் டைம்ஸ் ஆராய்ந்தபோது, இல்லங்களில் ஒன்பதில் ஒருவருக்கு மனச்சிதைவு என்று பதிவாகியிருந்தது. பொதுச் சமூகத்தில் அது சுமார் 150இல் ஒருவருக்குத்தான் உண்டு. 2023 ஜனவரியில் இந்தப் பதிவுகளைத் தணிக்கை செய்யப்போவதாக அரசு அறிவித்தது.

ஓர் எண்ணைக் குறைக்கச் சொன்னால் இல்லங்கள் அந்த எண்ணைக் குறைக்கும். முதியவரின் பகல் அதே வெறுமையோடுதான் இருக்கும். பாலார்ட் குழுவினர் 16 இல்லங்களில் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டியது. மருந்தை மறுபரிசீலனை செய்ததில் அதன் பயன்பாடு பாதியாகக் குறைந்தது. ஆனால் கூடவே பேச்சும் பழக்கமும் கொண்டுவராத இடங்களில் முதியவர்களின் மனநிலைத் தொல்லைகள் மோசமாகின. இரண்டையும் சேர்த்துச் செய்த இடங்களில் மரணமே குறைந்தது. மாத்திரையை எடுக்கிற கை, அந்த இடத்தில் ஒரு மனிதரைக் கொண்டுவந்து உட்காரவைக்க வேண்டும்.

வலியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப்போல எளிதில் தீர்க்கக்கூடியதும் இதைப்போல எளிதில் கவனம் தப்புவதும் வேறில்லை. மூட்டுவலியையோ பல்வலியையோ மலச்சிக்கலையோ வாயால் சொல்லத் தெரியாதவர், தொட்டால் அலறுகிறார், தள்ளிவிடுகிறார். நார்வேயின் மேற்குப் பகுதியில் 18 இல்லங்களில் 352 பேரிடம் பெத்தினா ஹூசெபோ நடத்திய ஆய்வு 2011இல் வெளியானது. பதற்றமும் மூர்க்கமும் உள்ள மறதிநோயாளர்களுக்கு, வலி இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு படிப்படியாக வலிமருந்து கொடுத்தார்கள். பெரும்பாலோருக்குத் தரப்பட்டது பாராசிட்டமால்தான். எட்டு வாரத்தில் பதற்றம் 17 விழுக்காடு குறைந்தது. மனச்சிதைவு மருந்து எழுதுவதற்கு முன் வலிக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்ற விதி எந்த இல்லத்துக்கும் பெரிய செலவு வைக்காது. முகம் சுளிப்பது, முனகுவது, ஓர் அங்கத்தைத் தொடவிடாமல் காப்பது ஆகியவற்றை வைத்து வலியை மதிப்பிடும் அட்டவணைகள் இருக்கின்றன. அவற்றை நிரப்ப, அந்த முதியவரின் வழக்கமான முகம் எப்படி இருக்கும் என்று தெரிந்த ஒருவர் வேண்டும்.

பயிற்சி எப்படிக் கொடுத்தால் பலிக்கிறது? இதற்கு ஓரளவு தெளிவான பதில் இப்போது கிடைத்திருக்கிறது. ஜேன் ஃபாஸி தலைமையில் லண்டன், நியூகாசில், ஆக்ஸ்ஃபோர்ட் பகுதிகளைச் சேர்ந்த 12 இல்லங்களில் நடந்த ஆய்வு 2006இல் வந்தது. ஆறு இல்லங்களுக்குப் பத்து மாத காலம் வாரத்தில் இரண்டு நாள் ஒரு நிபுணர் நேரில் வந்து ஊழியர்களோடு இருந்து வழிகாட்டினார். ஆண்டு முடிவில் அந்த இல்லங்களில் மனச்சிதைவு மருந்து உட்கொண்டோர் 23 விழுக்காடு, மற்ற இல்லங்களில் 42.1. மருந்து குறைந்ததால் பதற்றம் கூடிவிடவில்லை. 2018இல் வந்த இன்னொரு பெரிய பிரிட்டிஷ் ஆய்வு 69 இல்லங்களையும் 847 பேரையும் கொண்டது. ஒன்பது மாதப் பயிற்சி. இல்லத்திலேயே பொறுப்பெடுத்துக்கொள்ளும் ஊழியர்களை உருவாக்குதல். ஒவ்வொரு முதியவருக்கும் வாரத்துக்கு ஒரு மணி நேரம் அவருக்குப் பிடித்த விதத்தில் பேச்சும் துணையும். வாழ்க்கைத் தரம் உயர்ந்தது, பதற்றம் தணிந்தது, மொத்தச் செலவும் வழக்கத்தைவிடக் குறைந்தது.

எதிர்மாறான முடிவும் உண்டு, அதை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. கிட்வுட்டின் கண்காணிப்பு முறையை இங்கிலாந்தில் 50 இல்லங்களில், 726 பேரிடம், கிளேர் சர் தலைமையில் சோதித்தார்கள். முடிவு 2020இல் வெளியானது. இல்லத்துக்கு இரண்டு ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மூன்று சுற்று கண்காணிப்பை அவர்களே நடத்த வேண்டும் என்று விட்டார்கள். பதினாறு மாதம் கழித்துப் பார்த்தால் பதற்றத்தில் எந்த மாற்றமும் இல்லை. காரணம் தேடப் பெரிய துப்பறிதல் தேவைப்படவில்லை. பெரும்பாலான இல்லங்கள் முதல் சுற்றைத் தாண்டவே இல்லை. ஆள் பற்றாக்குறையான நாளில், இரண்டு பேரை வேலையிலிருந்து விடுவித்துக் கூடத்தின் ஓரத்தில் உட்கார்ந்து குறிப்பெடுக்க எந்த மேலாளர் அனுப்புவார்? இதே முறை சிட்னி நகரின் 15 இல்லங்களில் லின் செனோவெத் குழுவினர் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில் பதற்றத்தைக் குறைத்திருந்தது. அங்கே ஆராய்ச்சியாளர்கள் உடனிருந்து உதவினார்கள்.

ஆக, கருவி ஒன்றுதான். வெளியிலிருந்து ஒரு கை தொடர்ந்து வந்துகொண்டிருந்த இடத்தில் அது வேலை செய்தது. இல்லத்தின் தலையில் கட்டிவிட்டுப் போன இடத்தில் செய்யவில்லை. வகுப்பறைப் பயிற்சி வயலில் தெளித்த முதல் மழை மாதிரி. அடுத்த மழை வராவிட்டால் முளைத்ததும் காயும். இல்லங்களுக்கு உதவ வேண்டும் என்று சொல்பவர்கள் முதலில் நிதி ஒதுக்க வேண்டியது புத்தகத்துக்கும் காணொளிக்கும் அல்ல. மாதக்கணக்கில் வந்துபோகும் ஓர் அனுபவசாலிச் செவிலியருக்கு.

அவர் வந்தாலும், யாரிடம் சொல்வார்? 2017, 2018ஆம் ஆண்டுகளின் சம்பளக் கணக்குகளை வைத்து 2021இல் வெளியான ஓர் ஆய்வின்படி, அமெரிக்க இல்லங்களில் செவிலிய ஊழியர்கள் மாறும் விகிதம் ஆண்டுக்குச் சராசரியாக 128 விழுக்காடு. ஓர் இல்லத்தின் மொத்த ஊழியர் எண்ணிக்கையைவிட அதிகமானோர் ஒரே ஆண்டில் விலகிப்போகிறார்கள். ஜனவரியில் பயிற்சி பெற்றவர் டிசம்பரில் இருப்பதில்லை. ஒரு முதியவருக்குத் தினமும் அதே ஊழியர் என்ற எளிய ஏற்பாட்டை எல்லா வழிகாட்டிகளும் பரிந்துரைக்கின்றன. ஆளே நிலைக்காத இடத்தில் அதை எப்படிச் செய்வது? ஒரு முதியவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 3.48 மணி நேரச் செவிலியப் பராமரிப்பு என்று அமெரிக்க அரசு 2024இல் விதி கொண்டுவந்தது. 2025 ஏப்ரலில் டெக்சாஸில் ஒரு மத்திய நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சம்பளமும் ஆள் எண்ணிக்கையும் பேசாமல் ஆளறிந்த பராமரிப்பைப் பேசுவது, ஏற்கெனவே இடுப்பொடியும் பெண்கள்மேல் இன்னொரு குற்ற உணர்வை ஏற்றுவதாகவே முடியும். இந்த வேலையைச் செய்வோர் உலகெங்கும் பெரும்பாலும் பெண்கள், அதிலும் ஏழைப் பெண்கள், பல நாடுகளில் குடியேறி வந்தவர்கள்.

ஆனாலும் ஆள் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் உண்மையல்ல. ஆறு மணிக்கு எல்லாரையும் எழுப்பு, எட்டுக்குள் சாப்பிடவை, பத்துக்குள் குளிப்பாட்டு என்ற அட்டவணை சுவரில் தொங்கும்வரை, எத்தனை பேர் இருந்தாலும் அந்த அட்டவணைக்குத்தான் வேலை செய்வார்கள். அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில் பியாட்டிட்யூட்ஸ் என்ற இல்லம் அதைக் கழற்றிவைத்தது. முதியவர் தூக்கம் கலையும்போது எழலாம், பசிக்கும்போது சாப்பிடலாம், எந்நேரமும் சாக்லேட் கேட்கலாம், விரும்பிய நேரத்தில் குளிக்கலாம். நள்ளிரவில் விழித்துக்கொள்பவரிடம் படுங்கள் என்று மல்லுக்கட்டுவதற்குப் பதில் ஊழியர் அவரோடு உட்கார்ந்து ஏதாவது சாப்பிடக் கொடுப்பார். இரவுக் காவலில் உழைத்தவருக்கு இரவு விழிப்பு நோயின் அறிகுறியாக இருக்க வேண்டியதில்லை, வாழ்நாள் பழக்கமாகவும் இருக்கலாம். இதை அறிய அவருடைய வாழ்க்கை தெரிந்திருக்க வேண்டும். இரண்டு பக்கத்தில் எழுதி அறைக்குள் வைத்த வாழ்க்கைக் குறிப்பு, முந்நூறு பக்க மருத்துவக் கோப்பைவிட இரவுப் பணியில் இருப்பவருக்கு உதவும்.

நியூயார்க் மாநிலத்தின் நியூ பெர்லின் என்ற சிற்றூரில் சேஸ் மெமோரியல் இல்லத்துக்கு மருத்துவராக வந்த பில் தாமஸ், 1991இல் அங்கே இரண்டு நாய்களையும் நான்கு பூனைகளையும் நூறு கிளிகளையும் கொண்டுவந்த கதையை, இந்தியப் பெற்றோருக்குப் பிறந்த அறுவைச் சிகிச்சை நிபுணர் அதுல் கவாண்டே 2014இல் எழுதிய புத்தகம் உலகம் முழுக்கக் கொண்டுபோனது. கிளிகளுக்குக் கூண்டு வந்துசேர்வதற்கு முன்பே கிளிகள் வந்துவிட்டன, ஊழியர்கள் திண்டாடினார்கள், முதியவர்கள் சன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தார்கள். பக்கத்து இல்லத்தோடு இரண்டு ஆண்டுகள் ஒப்பிட்டபோது, ஒருவருக்கு எழுதப்பட்ட மருந்துகள் அங்கிருந்ததில் பாதியாகக் குறைந்திருந்தன. இரண்டே இல்லங்களை ஒப்பிட்ட கணக்கை அதற்குரிய எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் தாமஸ் பிடித்த நாடி சரியானது. அந்த முதியவர்களுக்கு, தாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய ஓர் உயிர் கிடைத்தது.

நெதர்லாந்தின் வேஸ்ப் ஊரில் இருக்கும் ஹோகவைக் இன்னும் புகழ்பெற்றது. கடை, உணவகம், அரங்கம், தெரு, தோட்டம் எல்லாம் உள்ள ஒரு சிறு குடியிருப்பு. தொடக்கத்தில் 23 வீடுகள், வீட்டுக்கு ஆறேழு பேர் என 152 பேர். ஒத்த வாழ்க்கைமுறை உள்ளவர்கள் ஒரே வீட்டில் இருப்பார்கள். தொடக்கத்தில் இந்தோனேசியாவோடு தொடர்புள்ளவர்களுக்கென்றே ஒரு வகை வீடு இருந்தது. அங்கே சோறும் அந்த நாட்டுக் கறியும் சமைத்தார்கள். இதைக் கட்ட ஆன சுமார் 1.93 கோடி யூரோவில் பெரும்பங்கு அரசு தந்தது. பத்திரிகையாளர்கள் அந்தத் தெருவின் அழகில் மயங்கி எழுதுகிறார்கள், ஆனால் அந்தப் பணத்தைப் பற்றி அவ்வளவாக எழுதுவதில்லை. யோவோன் வான் அமெரோங்கனும் அவருடைய சகாக்களும் அதே இடத்தில் முன்பிருந்த சாதாரணப் பல மாடி இல்லத்தில்தான் 1990களில் இந்த மாற்றங்களைத் தொடங்கினார்கள் என்பதும் கவனிக்க வேண்டியது. தெருவும் சதுக்கமும் பிறகு வந்தவை. வழக்கத்தை மாற்றியது முதலில் நடந்தது.

கட்டடமே மாற்ற முடியாதவர்களுக்கும் செய்ய நிறைய இருக்கிறது. படுக்கையிலிருந்து பார்த்தால் கழிப்பறைக் கதவு தெரிய வேண்டும். தரையில் பளபளப்பு வேண்டாம், ஈரம் என்று நினைத்துக் கால்வைக்கப் பயப்படுவார்கள். வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு மங்கிய கண்ணுக்குத் தெரியாது. பாஸ்டன் பல்கலைக்கழகத்தினர் 2004இல் வெளியிட்ட சிறு ஆய்வில், அல்சைமர் முற்றிய ஒன்பது ஆண்களுக்கு அடர்நிறத் தட்டும் குவளையும் கொடுத்ததும் உணவு 25 விழுக்காடும் பானம் 84 விழுக்காடும் கூடுதலாக உள்ளே போயின. நோயின் கடைசிக் கட்டத்தில், பேச்சே நின்றுபோனவர்களுக்கு அமெரிக்காவின் ஜாய்ஸ் சிமார்ட் 2003இல் வகுத்த முறைக்கு ‘நமஸ்தே’ என்றே பெயர். மங்கிய வெளிச்சம், மெல்லிய இசை, கைகால்களை இதமாக நீவிவிடுதல், ஒருவர் பக்கத்திலேயே இருத்தல். படுக்கையில் தனியே விட்டுவைக்கும் வழக்கத்துக்கு மாற்றாக அது வந்தது.

பேச்சு என்றதும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டீன் வில்லியம்ஸ், ஊழியர்கள் பராமரிக்கும்போது எடுத்த காணொளிகளை ஆராய்ந்து 2009இல் எழுதினார்: முதியவரிடம் குழந்தையிடம் கொஞ்சுவதுபோலப் பேசும்போது அவர் மறுத்து முரண்டுபிடிக்கும் வாய்ப்பு கூடுகிறது. நம் ஊர்ப் பக்கம் ‘சமத்துக்குட்டி, ஆ காட்டு’ என்று ஊட்டுகிறவர் பாசத்தில்தான் சொல்கிறார். முப்பது ஆண்டுகள் பள்ளியை நடத்தியவர் காதில் அது எப்படி விழும்? அவரை ‘டீச்சர்’ என்று கூப்பிட்டால் நிமிர்ந்து உட்காரக்கூடும். ஆயா, பாட்டி, அம்மா என்பவை மரியாதைச் சொற்களே. எல்லாருக்கும் ஒரே சொல் என்று வைத்துக்கொள்வதில்தான் ஆள் தொலைந்துபோகிறார்.

தமிழர்களுக்கு இந்தக் கேள்வி இரண்டு பக்கத்திலிருந்தும் நெருங்கி வந்துவிட்டது. 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து லண்டனுக்கும் டொராண்டோவுக்கும் போனவர்கள் இப்போது எழுபதையும் எண்பதையும் எட்டுகிறார்கள். மறதிநோயில் பிற்பாடு கற்ற மொழி முன்னதாக நழுவுவது பலரிடம் காணப்படுவது. ஆங்கிலம் நழுவியபின், சுற்றிலும் ஆங்கிலமே பேசும் இல்லத்தில் ஒரு தமிழ் மூதாட்டி தண்ணீர் கேட்பதுகூடப் புரியாத சத்தமாகப் பதிவாகும். வாழ்நாள் முழுக்கக் கையால் சாப்பிட்டவருக்கு முள்கரண்டி ஒரு தண்டனை. முள்கரண்டி பிடிக்க முடியாதவர்களுக்குக் கையால் எடுத்துச் சாப்பிடும் உணவு தரும்படி மேற்கத்திய வழிகாட்டிகளே சொல்கின்றன. அந்த வரியைக் காட்டிப் பிள்ளைகள் உரிமையோடு கேட்கலாம்.

தாயகத்தில் நிலைமை வேறு. இந்தியாவில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு மறதிநோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. இவர்களில் மிகப் பெரும்பாலோர் வீட்டில்தான் இருக்கிறார்கள். மருமகளோ மகளோ மனைவியோ பார்த்துக்கொள்கிறார். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் குடும்பங்களை நம்பிக் கோவையிலும் சென்னையிலும் கட்டணப் பராமரிப்பு இல்லங்கள் பெருகிவருகின்றன. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், ஆதரவற்ற முதியவர்கள் குறைந்தது 150 பேர் தங்கும்படி மாவட்டத்துக்கு ஓர் இல்லம் என்று பேசுகிறது. மறதிநோய் உள்ளவரை அந்த இல்லம் எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு அதில் வழிகாட்டல் இல்லை.

தொடங்குவதற்கு இங்கேயே அடித்தளம் இருக்கிறது. அல்சைமர் நோய்க்கான இந்தியச் சங்கம் 1992இல் கேரளத்தின் குன்னங்குளத்தில் பிறந்தது. சாரதா மேனன் 1984இல் நிறுவிய சென்னையின் ஸ்கார்ஃப் அமைப்பு, மறதிநோயாளருக்கென்றே டெம்கேர்ஸ் என்ற பிரிவை நடத்துகிறது. சிறு குழுவாக உட்கார்ந்து பேச்சு, விளையாட்டு, பாட்டு, பழைய நினைவு என்று மூளைக்கு வேலை தரும் ஒரு முறையை இங்கிலாந்தில் ஏமி ஸ்பெக்டர் குழுவினர் 201 பேரிடம் சோதித்து 2003இல் வெளியிட்டார்கள். பதினான்கு அமர்வுகளில் நினைவாற்றலும் வாழ்க்கைத் தரமும் மேம்பட்டன. அந்த முறையை ஸ்கார்ஃப் ஆய்வாளர்கள் சென்னைக்கு ஏற்றபடி மாற்றி நடத்திப் பார்த்தார்கள். ஊழியர் ஒருவரும் ஒரு மேசையும் ஐந்தாறு நாற்காலியும் இருந்தால் எந்த இல்லத்திலும் நடத்தலாம்.

தமிழ்நாட்டு அரசு இல்லங்களைப் பதிவுசெய்யும்போதும் புதுப்பிக்கும்போதும் படுக்கை எண்ணிக்கையைத் தாண்டிச் சிலவற்றைக் கேட்கலாம். மனச்சிதைவு மருந்து எத்தனை பேருக்குத் தரப்படுகிறது, எந்த மருத்துவர், எந்த நோய்க்கு எழுதினார்? அதற்கு முன் வலி பார்க்கப்பட்டதா? ஒவ்வொரு முதியவருக்கும் வாழ்க்கைக் குறிப்பு இருக்கிறதா, இரவு ஊழியர் அதைப் படித்திருக்கிறாரா? ஒரே ஊழியர் ஒரே முதியவரை வாரத்தில் எத்தனை நாள் பார்க்கிறார்? ஓர் எண்ணை மட்டும் கேட்டு அமெரிக்கா பட்ட பாடு இங்கே வராமலிருக்க இவற்றைச் சேர்த்தே கேட்க வேண்டும். பயிற்சி தமிழில் இருக்க வேண்டும், ஊழியர் வேலை பார்க்கும் அறையிலேயே நடக்க வேண்டும், குறைந்தது ஓர் ஆண்டு தொடர வேண்டும். இல்லம் இல்லமாகப் போய்வரும் செவிலியருக்கான சம்பளத்தை அரசே ஏற்பது நல்லது. தனியார் இல்லத்தின் மாதக் கட்டணத்தில் அதை ஏற்றினால், பென்ஷனும் வெளிநாட்டுப் பணமும் உள்ளவர்களுக்கு மட்டுமே அது கிடைக்கும்; மாவட்டத்துக்கு ஒன்றான இலவச இல்லத்தில் இருப்பவர்களுக்குக் கிடைக்காது.